கதை கொடுத்ததைக் கதையால் திரும்ப வாங்க முடியுமா?

புத்தகப்பை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நாலு வருஷமாக வார இறுதிகளில் குழந்தைகளுக்குக் கதை வாசித்துக் காட்டுகிறேன். ஆறிலிருந்து ஒன்பது வயது வரை உள்ள பிள்ளைகள். பல நிறம், பல மொழி. போன சனிக்கிழமை ஒரு புதுப் படக்கதையைப் பிரித்தேன். முதல் பக்கத்தில் ஒரு தெரு, அதில் மூன்று பேர் நிற்கிறார்கள். நான் ஒரு வரிகூட வாசிக்கவில்லை. ஏழு வயதுப் பையன் ஒருவன் படத்திலிருந்த கறுப்பின மனிதரைத் தொட்டு, "இவன்தான் திருடன்" என்றான். இரண்டு மூன்று பிள்ளைகள் தலையாட்டினார்கள். அந்தக் கதையில் அவர் தபால்காரர்.

பையன் மேல் எனக்குக் கோபம் இல்லை. தங்கமான பிள்ளை. யாரும் அவனை உட்கார வைத்து இதைச் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள். பார்த்த கார்ட்டூன், பார்த்த படம், விளையாடிய கேம் எல்லாம் சேர்ந்து, திருடன் என்றால் எப்படி இருப்பான் என்று அவனுக்குச் சொல்லி முடித்துவிட்டன. அன்றிரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

கதை கொடுத்ததைக் கதையால் திரும்ப வாங்க முடியுமா? அப்படி நடந்த உதாரணம் உண்டா? தெரிந்தவர்கள் விரிவாகவே எழுதுங்கள்.

குறுக்குக்கேள்வி எழுதியது:

முடியாது என்று சொல்லவில்லை. ஆனால் நாம் நினைக்கும் அளவுக்கு முடியாது. ஏற்கெனவே நம் பக்கம் இருப்பவர்கள்தான் நல்ல கதையைப் பார்த்து நெகிழ்கிறார்கள். எதிர்ப்பக்கம் இருப்பவர் அதே கதையில் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்.

அமெரிக்கத் தொலைக்காட்சியில் 1971இல் 'ஆல் இன் தி ஃபேமிலி' என்ற தொடர் வந்தது. அதன் நாயகன் ஆர்ச்சி பங்கர், வாயைத் திறந்தால் கறுப்பினத்தவரையும் யூதரையும் குடியேறியவரையும் இழிவாகப் பேசுபவர். தொடரை உருவாக்கிய நார்மன் லியரின் எண்ணம், இந்தப் பேச்சு எவ்வளவு அசட்டுத்தனம் என்று பார்ப்பவர்களை உணரவைப்பது. நீல் விட்மர், மில்டன் ரோக்கீச் என்ற இரு உளவியலாளர்கள் அமெரிக்காவில் பதின்பருவத்தினரையும் கனடாவில் பெரியவர்களையும் ஆராய்ந்து 1974இல் முடிவை வெளியிட்டார்கள். இனவெறி குறைவாக இருந்தவர்கள் ஆர்ச்சியைக் கேலிக்குரியவராகப் பார்த்தார்கள். அதிகமாக இருந்தவர்களுக்கோ அவர் மனதில் பட்டதை நேராகச் சொல்லும் மனிதர். கடைசியில் வாதத்தில் ஜெயிப்பதும் அவர்தான் என்று அவர்களுக்குத் தோன்றியிருக்கிறது.

ஒரே தொடர், ஒரே வசனம். ஆளுக்கொரு நாடகம் பார்த்திருக்கிறார்கள். உங்கள் கேள்விக்கு இதைத் தாண்டித்தான் பதில் தேட வேண்டும் என்று நினைக்கிறேன்.

பழையரீல் எழுதியது:

தம்பி சொல்வது பாதி சரி. நல்லது செய்யக் கிளம்பிய கதை கைநழுவிப் போவது புதிதில்லை. 1852இல் வெளிவந்த 'அங்கிள் டாம்ஸ் கேபின்' அடிமை முறைக்கு எதிராக எழுதப்பட்ட நாவல். முதல் ஆண்டிலேயே அமெரிக்காவில் மூன்று லட்சம் பிரதிகள் விற்றது. நாவலில் டாம், தப்பி ஓடிய இரண்டு பெண்கள் எங்கே என்று காட்டிக்கொடுக்க மறுத்து, அடிபட்டே சாகிறார். அப்படிப்பட்ட மனிதரை நாடகக் கம்பெனிகள் மேடையேற்றி, கூன் விழுந்த, எஜமானிடம் குழையும் கிழவராக ஆக்கிவிட்டன. முகத்தில் கரி பூசிய வெள்ளை நடிகர்கள் அவராக நடித்தார்கள். இன்று 'அங்கிள் டாம்' என்பது கறுப்பின மக்களிடையே ஒரு வசைச்சொல். புத்தகத்தைப் படித்தவர்களைவிட நாடகத்தைப் பார்த்தவர்கள் அதிகம், அதுதான் காரணம்.

ஆனால் கதைக்குச் சக்தி இல்லை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். கெடுக்கும்போது அது எப்படி வேலை செய்தது என்று பாருங்கள். 1915இல் டி. டபிள்யூ. கிரிஃபித் எடுத்த 'தி பர்த் ஆஃப் எ நேஷன்', சுமார் மூன்று மணி நேரப் படம். கறுப்பின ஆண்கள் வெள்ளைப் பெண்களைத் துரத்தும் மிருகங்கள். அவர்களை அடக்க வரும் கூ கிளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறிக் கூட்டம்தான் வீரர்கள். வெள்ளை மாளிகையிலேயே திரையிட்டார்கள். உண்மையான கிளான் 1870களிலேயே ஒடுக்கப்பட்டு அழிந்துபோயிருந்தது. படம் வந்த அதே ஆண்டு நவம்பரில், ஜார்ஜியாவின் ஸ்டோன் மவுண்டன் மலைமேல் சிலுவையைக் கொளுத்தி அதை மறுபடி தொடங்கினார்கள். சிலுவை கொளுத்தும் வழக்கம் பழைய கிளானிடம் இருந்ததே இல்லை. படத்துக்கு மூலமான நாவலாசிரியரின் கற்பனை அது. கற்பனையாக எழுதியது நிஜத்தில் நெருப்பாக எரிந்தது.

அதற்குப் பதில் சொன்னவர் ஒருவர் இருந்தார். ஆஸ்கர் மிஷோ என்ற கறுப்பின இயக்குநர் 1920இல் 'விதின் அவர் கேட்ஸ்' எடுத்தார். கும்பல் கொலையை, அதைச் செய்தவர்களின் முகத்தோடு, திரையில் வைத்தார். சிகாகோ தணிக்கையினர் கலவரம் வரும் என்று பயந்து முதலில் அனுமதி மறுத்தார்கள். பிறகு அந்தப் படம் பல பத்தாண்டுகள் காணாமலே போயிற்று. ஸ்பெயினில் ஒரு பிரதி கிடைத்து, அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் 1993இல் சீர்படுத்தியது. பொய் சொன்ன படம் நாடு முழுக்க ஓடியது, பதில் சொன்ன படம் பெட்டிக்குள் கிடந்தது. அம்மா, உங்கள் கேள்வியில் நான் சேர்க்க விரும்புவது இதுதான்: கதைக்குச் சக்தி உண்டா என்பதோடு, எந்தக் கதைக்குத் திரை கிடைத்தது என்றும் கேட்க வேண்டும்.

இரண்டாம்தலைமுறை எழுதியது:

நான் இங்கே அதிகம் எழுதுவதில்லை. புத்தகப்பை அக்காவின் பதிவைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

நான் வெளிநாட்டில் வளர்ந்தவள். என் சிறுவயதில் தொலைக்காட்சியில் என் நிறத்தில் தெரிந்த ஒரே ஆள் 'தி சிம்ப்சன்ஸ்' கார்ட்டூனில் கடை நடத்தும் அபு. 1990இல் அறிமுகமான பாத்திரம். குரல் கொடுத்தவர் ஹேங்க் அஸாரியா, வெள்ளை நடிகர். அபுவின் உச்சரிப்பில் யாராவது ஒரு வாக்கியம் பேசினால் போதும், வகுப்பே சிரிக்கும். என் உச்சரிப்பு அப்படி இருக்காது. இருந்தும் நான் எழுந்து பதில் சொன்னால் பின் பெஞ்சிலிருந்து அந்தக் குரல் வரும். ஒருமுறை ஆசிரியரும் சிரித்தார். அதற்குப் பிறகு அந்த வருஷம் முழுவதும் வகுப்பில் கை தூக்கவில்லை.

எனக்கு ரொம்ப நாள் பிடிபடாத ஒன்று உண்டு. அபு கெட்டவர் இல்லை. உழைப்பாளி, அன்பானவர், அந்த ஊரிலேயே பலரைவிடப் புத்திசாலி. பிறகு ஏன் வலித்தது? ஹோமர் சிம்ப்சன் முட்டாள்தான். அவரைப் பார்த்து யாரும் வெள்ளை அப்பாக்கள் எல்லோரும் முட்டாள்கள் என்று நினைக்கவில்லை, ஏனென்றால் அடுத்த சேனலில் மருத்துவராக, வக்கீலாக, காவலராக இன்னும் நூறு வெள்ளை அப்பாக்கள் இருந்தார்கள். எங்களுக்கு அபு மட்டும்தான். நைஜீரிய எழுத்தாளர் சிமமாண்டா அடிச்சி 2009இல் 'ஒற்றைக் கதையின் ஆபத்து' பற்றி ஒரு உரை ஆற்றினார். ஸ்டீரியோடைப்பின் பிரச்சினை அது பொய் என்பதல்ல, முழுமையில்லாதது என்பதுதான் என்ற கருத்தை அதில் கேட்டபோது, என் பள்ளிக்கூட வருஷங்களுக்கு முதல்முறையாக ஒரு விளக்கம் கிடைத்தது.

2017இல் ஹரி கொண்டபோலு என்ற இந்திய வம்சாவளி நகைச்சுவைக் கலைஞர் இதைப் பற்றி ஓர் ஆவணப்படம் எடுத்தார். 2020இல் அஸாரியா இனி அந்தக் குரலைக் கொடுப்பதில்லை என்று அறிவித்தார். முப்பது வருஷம் ஆனது. அதைச் சாதித்ததும் ஒரு கதைதான் என்று எடுத்துக்கொள்கிறேன்; வலித்தவர்களே தங்கள் கதையைக் கேமரா முன் உட்கார்ந்து சொன்னார்கள்.

இருட்டறை எழுதியது:

புகைப்படக்காரன் என்ற முறையில் ஒரு சின்னச் சேர்க்கை. கதை சொல்வதற்கு முன்பே கருவி ஒரு பக்கம் சாய்ந்திருக்கலாம்.

பிலிம் காலத்தில் கலர் லேப்களுக்கு கோடாக் ஒரு மாதிரிப் படம் அனுப்பும். அதில் ஒரு வெள்ளைப் பெண் இருப்பார். 'ஷெர்லி கார்டு' என்று பெயர். அவர் தோல் சரியாக வந்தால் பிரின்ட் சரி. பல பத்தாண்டுகள் அதுதான் அளவுகோல். கறுப்புத் தோலும் வெள்ளைத் தோலும் ஒரே படத்தில் இருந்தால், கறுப்பு முகத்தில் கண்ணும் பல்லும் மட்டும் தெரியும். பெற்றோர்கள் பள்ளிப் புகைப்படங்களைப் பார்த்துக் குறை சொன்னார்கள். ஆனால் பழுப்பு நிறங்களைப் பிலிம் நன்றாகப் பதிய வேண்டும் என்ற அழுத்தம் பெரிதாக வந்தது, சாக்லேட் கம்பெனிகளும் மர நாற்காலி மேசை செய்பவர்களும் தங்கள் விளம்பரம் சரியாக வரவில்லை என்று புகார் செய்தபோதுதான். இதை முதலில் படித்த அன்று எனக்கு வேலை ஓடவில்லை. நானே எத்தனை கல்யாண ஆல்பங்களில் மாநிற முகங்களை வெளுப்பாக்கிக் கொடுத்திருக்கிறேன் என்று எண்ணிக்கொண்டிருந்தேன். இப்போது செய்வதில்லை.

வானலை எழுதியது:

புத்தகப்பையின் கேள்விக்கு நேரடியான பதில் ஒன்று ருவாண்டாவில் இருக்கிறது. நான் வானொலி நாடகத்துறையில் இருப்பதால் இதைப் பல வருஷமாகக் கவனித்து வருகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1994இல் அங்கே சுமார் நூறு நாட்களில், பெரும்பாலும் துட்சி என்ற சிறுபான்மை மக்கள், பெரும்பான்மையான ஹுட்டு தீவிரவாதிகளால் லட்சக்கணக்கில் கொல்லப்பட்டார்கள். அதற்கு முந்தைய ஆண்டு தொடங்கிய ஆர்டிஎல்எம் என்ற வானொலி பாட்டும் அரட்டையுமாக நுழைந்து, துட்சிகளைக் கரப்பான்பூச்சிகள் என்று திரும்பத் திரும்பச் சொல்லி, கடைசியில் யார் எங்கே ஒளிந்திருக்கிறார்கள் என்றே அறிவித்தது.

அதே நாட்டில், வானொலி என்ற அதே ஊடகம் வழியாக, 2004இல் 'முசெகெவெயா' என்ற தொடர் நாடகம் தொடங்கியது. ஹுட்டு, துட்சி என்ற சொற்களை நாடகம் பயன்படுத்தவில்லை. இரண்டு மலைக் கிராமங்கள், நிலத் தட்டுப்பாடு, ஒரு பக்கத்துக்குச் சலுகை காட்டும் அரசு, பகையைத் தூண்டும் ஒரு தலைவன், இரண்டு ஊருக்கும் இடையில் ஒரு காதல் ஜோடி. கேட்டவர்களுக்கு இது எதைப் பற்றியது என்று சொல்ல வேண்டியிருக்கவில்லை.

எலிசபெத் லெவி பலக் என்ற உளவியலாளர் ஒரு வருஷம் இதைச் சோதித்தார். சில ஊர்களுக்கு இந்த நாடகம், சில ஊர்களுக்கு உடல்நலம் பற்றிய வேறு நாடகம். யாருக்கு எது என்பது குலுக்கல் முறை. 2009இல் வெளிவந்த முடிவைப் படித்து நான் திகைத்துப்போனேன். கேட்டவர்களின் சொந்த நம்பிக்கைகள் பெரிதாக மாறவில்லை. குறுக்குக்கேள்வி சொன்னது அங்கேயும் உண்மை. ஆனால் கலப்பு மணம், அண்டை வீட்டாரை நம்புவது, பெரியவர் சொன்னாலும் தவறென்றால் எதிர்த்துப் பேசுவது, இவற்றில் நம் ஊர் எதை ஏற்கும், எப்படி நடந்துகொள்ளலாம் என்ற எண்ணம் மாறியிருந்தது. நடத்தையும் மாறியிருந்தது. ஆய்வு முடிந்ததும் ஊருக்கு ஒரு ஒலிப்பெட்டியும் நாடகத்தின் கேசட்டுகளும் பொதுவாகக் கொடுத்தார்கள். மற்ற ஊர்களில் அதை ஊர்ப் பொறுப்பாளரிடம் ஒப்படைத்துவிட்டு எழுந்தார்கள். இந்த நாடகம் கேட்ட ஊர்களில், எப்படிச் சேர்ந்து வைத்துக்கொள்வது என்று உட்கார்ந்து பேசினார்கள், ஒருவரை ஒருவர் மறுத்தார்கள்.

நான் இதிலிருந்து எடுத்துக்கொண்டது இது. ஒரு மனிதனுக்குள் இருக்கும் வெறுப்பைக் கதை நேராகப் போய்ப் பிடுங்குவதில்லை. பக்கத்தில் இருப்பவன் என்ன நினைப்பான் என்று அவன் போட்டு வைத்திருக்கும் கணக்கைத்தான் அது முதலில் மாற்றுகிறது. நாடகத்தை அவன் தனியாகக் கேட்கவில்லை, ஊரோடு உட்கார்ந்து கேட்டான் என்பதும் இதில் முக்கியம்.

குறுக்குக்கேள்வி எழுதியது:

வானலை, இந்த ஆய்வை நான் அறியேன். நன்றி. ஆனாலும் கேட்கிறேன்: உள்ளே வெறுப்பு அப்படியே இருக்க, வெளியே மட்டும் நாகரிகமாக நடந்துகொண்டால் அது என்ன மாற்றம்? சந்தர்ப்பம் கிடைத்தால் உள்ளே இருப்பது வெளியே வராதா?

வானலை எழுதியது:

வரலாம். அதை மறுக்கவில்லை. ஆனால் 1994இல் கத்தி எடுத்தவர்களில் பலர் அதற்கு முந்தைய நாள் வரை அண்டை வீட்டாரோடு பழகியவர்கள். அவர்கள் உள்ளத்தில் என்ன இருந்தது என்று யாருக்கும் தெரியாது. இன்று இதைச் செய்யலாம், செய்தால் ஊர் நம்மைத் தடுக்காது என்று வானொலி சொன்னது. அது போதுமாக இருந்தது. அப்படியானால் ஊர் தடுக்கும் என்று எல்லோருக்கும் தெரியும்படி செய்வதை நான் வெளிப்பூச்சு என்று சொல்ல மாட்டேன். உயிர் பிழைப்பது அதில்தான் இருக்கிறது.

பழையரீல் எழுதியது:

வானலை சொன்னதற்கு ஒரு காட்சி ஞாபகம் வருகிறது. அமெரிக்காவில் நீச்சல்குளத்தில் கறுப்பினத்தவர் இறங்கக் கூடாது என்பது எழுதியும் எழுதாமலும் இருந்த விதி. 1964இல் புளோரிடாவின் செயின்ட் அகஸ்டினில் கறுப்பினப் போராளிகளும் அவர்களுக்குத் துணைநின்ற வெள்ளையரும் ஒரு விடுதிக் குளத்தில் இறங்கியபோது, விடுதியை நடத்தியவர் தண்ணீரில் அமிலத்தை ஊற்றினார். அந்தப் புகைப்படம் உலகம் முழுக்கப் போனது.

1969 மே மாதம், குழந்தைகள் நிகழ்ச்சி நடத்திய ஃப்ரெட் ராஜர்ஸ், வெயிலுக்கு இதமாக ஒரு சின்ன பிளாஸ்டிக் தொட்டியில் காலை நனைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். காவலராக நடித்த கறுப்பினப் பாடகர் ஃபிரான்ஸ்வா கிளெமன்ஸ் வருகிறார். நீங்களும் காலை வையுங்கள் என்கிறார் ராஜர்ஸ். இருவரும் ஒரே தண்ணீரில் காலை வைத்துப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். துடைத்துக்கொள்வதும் ஒரே துண்டில். இனத்தைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. ஆர்ச்சி பங்கர் தொடரில் வசனம் இருந்ததால் அவரவர் விருப்பப்படி அர்த்தம் பண்ணிக்கொள்ள முடிந்தது. இங்கே அர்த்தம் பண்ண என்ன இருக்கிறது? நான்கு கால்கள், ஒரு தொட்டி.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கிளெமன்ஸ் தன்பால் ஈர்ப்பு உடையவர். அதை வெளியே சொன்னால் நிகழ்ச்சியில் நீடிக்க முடியாது என்று ராஜர்ஸ் அவரிடம் சொன்னதைக் கிளெமன்ஸே பின்னாளில் வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். ஒரு வேலியைத் தாண்டிய அதே முற்றத்தில் இன்னொரு வேலி அப்படியே நின்றது. ராஜர்ஸ் மேல் எனக்குள்ள மரியாதை இதனால் போய்விடவில்லை, ஆனால் கிளெமன்ஸ் கொடுத்த விலையையும் சேர்த்தே அந்தக் காட்சியைப் பார்க்கிறேன்.

இரண்டாம்தலைமுறை எழுதியது:

வசனமே இல்லாமல் என்று ஐயா சொன்னது எனக்கு 'ஸ்டார் ட்ரெக்' உஹுராவை நினைவூட்டியது. 1966இல் தொடங்கிய தொடர். விண்கலத்தின் தகவல்தொடர்பு அதிகாரியாக ஒரு கறுப்பினப் பெண். அவர் அங்கே இருப்பது கலத்தில் யாருக்கும் வியப்பில்லை; எனக்குப் பிடித்தது அதுதான். நடித்த நிஷெல் நிக்கோல்ஸ் முதல் சீசனோடு விலக நினைத்தார். மார்ட்டின் லூதர் கிங் அவரைச் சந்தித்தபோது, விலக வேண்டாம் என்று வற்புறுத்தியதாக அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். 1992இல் விண்வெளிக்குச் சென்ற முதல் கறுப்பினப் பெண் மே ஜெமிசன், தன் சிறுவயது ஊக்கங்களில் ஒன்றாக உஹுராவைச் சொல்வார்.

எனக்கு அப்படி ஒருவர் அன்றைக்குக் கிடைத்திருந்தால் அந்த வருஷம் கை தூக்கியிருப்பேனோ என்னவோ.

இருட்டறை எழுதியது:

தங்கச்சி, உங்கள் கடைசி வரியை நான் திரும்பத் திரும்பப் படித்தேன்.

புத்தகப்பை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. ஒவ்வொரு பதிவையும் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். நேற்று சனிக்கிழமை. பழையரீல் ஐயா சொன்ன தொட்டியை மனதில் வைத்துக்கொண்டு, நிறத்தைப் பற்றிப் பேசாத ஒரு கதையைத் தேர்ந்தெடுத்தேன்: எஸ்ரா ஜாக் கீட்ஸ் எழுதி வரைந்த 'தி ஸ்னோயி டே', 1962இல் வந்தது. பீட்டர் என்ற கறுப்பினச் சிறுவன் சிவப்பு உடையில் பனியில் விளையாடுகிறான், அவ்வளவுதான் கதை. முன்பு ஒரு பத்திரிகையில் வந்த குழந்தையின் புகைப்படங்களை வெட்டி, சுமார் இருபது வருஷம் தன்னிடம் வைத்திருந்து, அந்த முகத்தையே கீட்ஸ் பீட்டராக்கினார்.

வானலை சொன்னதற்காக ஒன்றை மாற்றினேன். வழக்கமாக நான் வாசிப்பேன், பிள்ளைகள் கேட்பார்கள். நேற்று பக்கத்துக்கு ஒருவராக அவர்களையே வாசிக்கவிட்டேன், எல்லோரும் எல்லோரையும் பார்க்கும்படி வட்டமாக உட்கார்ந்து. கதையில் பீட்டர் நாளைக்கு வேண்டுமென்று ஒரு பனி உருண்டையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வருவான். தூங்கப் போகும் முன் பார்த்தால் பை காலி. போன வாரம் திருடன் என்று சொன்ன பையனுக்குத்தான் அந்தப் பக்கம் வந்தது. வாசித்து நிறுத்திவிட்டு, "ஐயோ, பாவம், நானும் இப்படித்தான் ஐஸ் வைத்தேன்" என்றான். வீட்டில் நடந்ததை முழுக்கச் சொன்னான்.

குறுக்குக்கேள்வி எழுதியது:

நல்ல செய்தி, மனமார வாழ்த்துகிறேன். இருந்தாலும் இந்தப் புத்தகத்தைப் பற்றி ஒன்று. 1965இல் நான்சி லேரிக் என்ற கல்வியாளர், மூன்று வருஷங்களில் வெளிவந்த ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கக் குழந்தைப் புத்தகங்களைக் கணக்கெடுத்தார். கறுப்பினத்தவர் ஒருவராவது இடம்பெற்றவை 6.7 சதவீதம். அதே கட்டுரையில் பீட்டரின் அம்மாவை வரைந்த விதத்தையும் குறை சொன்னார்: பருத்த உடல், பளிச்சென்ற மஞ்சள் கட்டம் போட்ட உடை, பழைய வேலைக்காரிப் பிம்பத்தின் சாயல். கீட்ஸ் வெள்ளையர், நல்ல மனதோடுதான் வரைந்தார். பீட்டர் முகத்தில் பட்ட அக்கறை அம்மாவின் உருவத்தில் படவில்லை என்று லேரிக் நினைத்திருக்கிறார்.

புத்தகத்தைத் தள்ளச் சொல்லவில்லை. அதோடு நிறுத்தாதீர்கள் என்கிறேன். ஜான் ஸ்டெப்டோவின் 'ஸ்டீவி' பாருங்கள், 1969இல் வந்தது. பதின்பருவத்தில் இருந்த கறுப்பின இளைஞர், தன் தெருப் பிள்ளைகள் பேசும் மொழியிலேயே எழுதி, தானே வரைந்தது. வீட்டில் தங்க வந்த சின்னப் பையன்மேல் எரிச்சல்படும் ஒரு சிறுவனின் கதை. உங்கள் ஏழு வயதுக்காரனுக்குத் தம்பி தங்கை இருந்தால் உடனே ஒட்டிக்கொள்வான்.

புத்தகப்பை எழுதியது:

தம்பி இருக்கிறான், நாலு வயது! இன்று காலைதான் 'ஸ்டீவி'க்குச் சொல்லி வைத்தேன், வர ஒரு வாரம் ஆகுமாம். அதற்குள் தபால்காரர் கதையைத் திரும்ப எடுக்கிறேன். அன்றைக்கு முதல் பக்கத்தோடு நின்றுபோனது. இந்த முறை அந்தப் பையனையே வாசிக்கச் சொல்லப் போகிறேன். பீட்டர் அம்மாவின் மஞ்சள் உடையையும் பிள்ளைகளிடம் காட்டி என்ன தோன்றுகிறது என்று கேட்கிறேன், அவர்கள் சொல்வதை இங்கே எழுதுகிறேன்.